படி எண்ணிய நாள்

கண்டக்டர் "தம்பானூர், தம்பானூர்" என்று குரல் கொடுத்தபோது மணி ஐந்தரை இருக்கும். 1996 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. முந்தின இரவு கோவில்பட்டியில் ஏறிய திருவள்ளுவர் பஸ் நெல்லை, நாகர்கோவில், களியக்காவிளை என்று உருண்டு வந்து எங்களை ரயில் நிலையத்துக்கு எதிரே இறக்கிவிட்டது. 1931ல் கட்டிய அந்த நிலையத்தின் கல் முகப்பு அரையிருட்டில் ஒரு கோட்டைபோலத் தெரிந்தது. வழி முழுக்க என் மனைவி என் தோளில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டு வந்தாள். மல்லாந்து படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். வீட்டிலும் மூன்று தலையணையை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். அதனால் பஸ் சீட்டு அவளுக்கு ஒரு கஷ்டமாகவே இல்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுவீட்டையும் குலதெய்வம் கோயிலையும் விட்டால் சேர்ந்து போன ஒரே இடம் கழுகுமலை. அங்கே வெட்டுவான் கோயில் பார்க்கலாம் என்று பாறையில் ஏறியபோது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சின்ன வயதில் தொண்டைப்புண்ணோடு அடிக்கடி காய்ச்சல், பிறகு முழங்காலிலும் கணுக்காலிலும் வீக்கம். வீட்டில் வாய்வு என்று சொல்லி ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். நேரத்தில் பென்சிலின் போட்டிருந்தால் நின்றிருக்கும் நோய் அது. நிற்காமல் உள்ளே போய் இதயத்தின் வால்வைப் பிடித்துவிட்டது. திருநெல்வேலி டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்தார். வால்வு சுருங்கியும் இருக்கிறது, கசியவும் செய்கிறது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவுக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நெல்லை, தூத்துக்குடி, குமரி ஜில்லாக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் வயிற்றில் புளி கரையும். நெஞ்சு, மூளை என்றால்தான் அங்கே அனுப்புவார்கள்.

எங்களுக்குக் குறித்துக் கொடுத்தது வெள்ளிக்கிழமை. பஸ் தவறிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் ஒரு நாள் முன்னதாகவே கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அறையில் இருந்து ஓய்வெடுக்கலாம் என்பதுதான் என் திட்டம்.

மாஞ்ஞாலிக்குளம் ரோட்டில் ஒரு லாட்ஜில் கேட்டோம். "முறி உண்டு, அண்ணாச்சி" என்றார் மேசையில் இருந்தவர். முறி என்றால் அறை என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எதை முறிக்கச் சொல்கிறார் என்பதுபோல என்னைப் பார்த்தாள். கீழ்த்தளத்தில் வேண்டும், படி ஏற முடியாது என்று சொன்னதும் அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. தெருவைப் பார்த்த அறை ஒன்றின் சாவியை எடுத்துக் கொடுத்தார். எங்களைப் போல எத்தனை ஜோடி பார்த்தவரோ. பையன் ஒரு ஜாடியில் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து "வெள்ளம்" என்று வைத்தான். பதிமுகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். அவள் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் ஊரில் வெள்ளம் என்றால் கண்மாய் உடைய வேண்டும்.

குளித்து உடை மாற்றிய பிறகு அவள் சொன்னாள்: "நாளைக்கு அவங்க என்ன சொல்லுவாங்களோ. இன்னிக்கு ஒரு நாள் நமக்கு இருக்குல்லா? ஊரைப் பாத்துருவோம்."

"உன்னால நடக்க முடியுமா?"

"முடிஞ்ச வரைக்கும் நடப்பேன். முடியலன்னா உக்காருவேன். நீங்க அவசரப்படுத்தாம இருந்தாப் போதும்."

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். திருவனந்தபுரத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே புத்தகத்தில் பார்த்திருந்தேன். நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' இந்த ஊரில் நடக்கும் நாவல், ஆ. மாதவன் எழுதியதெல்லாம் இந்த ஊரின் சாலைக் கடைத்தெரு. மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை பாடம் சொன்னதும் இங்கேதான். தமிழ் இங்கே விருந்தாளியாக வந்த மொழி இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் கன்னியாகுமரி ஜில்லாவே இந்த ஊரின் ஆட்சியில்தான் இருந்தது. இன்றைக்கும் நவராத்திரிக்கு பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் எல்லை தாண்டி ஊர்வலமாக இங்கே வந்து, பூஜை முடிந்து திரும்புகிறார்கள். இதையெல்லாம் ஆட்டோவில் அவளிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பதில் பேசவில்லை, காலை நேரத்தில் மூச்சை மிச்சம் பிடிப்பாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "சேச்சி எந்தா சம்சாரிக்காத்தது?"

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. அவர் கேட்டது, அக்கா ஏன் பேசாமல் வருகிறார் என்று. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் சிரித்தாள். சம்சாரம் பேசாமல் வந்தால் சம்சாரம் இல்லையாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது. நான் பயந்து "போதும், போதும்" என்றேன். ஆனால் அந்த எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கிழக்கே கோட்டையில் இறங்கி பத்மதீர்த்தக் குளத்தை ஒட்டி நடந்தால் ஏழு நிலைக் கோபுரம் நேராகத் தெரிகிறது. பாண்டிநாட்டுக் கோபுரத்தைக் கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும். ஆனால் கோபுர வாசலுக்குப் போக அகலமான கல்படிகள் ஏற வேண்டும். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். ஆண்கள் வேட்டியோடு, மேலுக்கு எதுவும் இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும்.

நாலு படி ஏறுவாள், நிற்பாள். மறுபடி நாலு படி. ஓரத்தில் நேரியது உடுத்திய ஒரு அம்மா எங்களுக்குச் சமமாக ஏறி வந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். "கிதைக்குந்நுண்டல்லோ" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மூச்சு வாங்குகிறதே என்று அர்த்தம். பிறகு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பதுக்கெ மோளே, பதுக்கெ போயா மதி" என்றார். மெதுவாகப் போனால் போதும், மகளே. அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தப் படியில் நின்றபோது எனக்கு என் தாத்தா நினைவு வந்தது. பனையேறி அவர். இளவயதில் பதநீர்க் காலத்தில் திருவிதாங்கூர்ப் பக்கம் வேலைக்கு வந்து போனவர். ஒரு நாளில் எத்தனை பனை ஏறி இறங்கியிருப்பாரோ, ஆனால் இந்தப் படியில் அவர் கால் வைத்திருக்க முடியாது. கோயில் இருக்கும் தெருவில் நடக்கவே எங்கள் ஆட்களுக்குத் தடை இருந்த காலம் அது. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் செய்த பிறகுதான் எல்லா இந்துக்களுக்கும் இந்த வாசல் திறந்தது. தாத்தா அதற்கப்புறம் இந்த ஊருக்கு வரவில்லை. உடம்பில் தெம்பு இருந்தவரை ஏற விடவில்லை, பிறகு அவருக்கு ஏறும் ஆசை இல்லை. இவளுக்கு ஆசை இருக்கிறது, தெம்பு இல்லை. நான் இதை அவளிடம் சொன்னேன். "அப்போ தாத்தாவுக்கும் சேத்து ஏறுதேன்" என்றாள்.

உள்ளே எண்ணெய் விளக்கின் வெளிச்சம் மட்டும்தான். ஒரே பாறையில் செதுக்கிய ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறி நின்றால் எதிரே மூன்று வாசல். பதினெட்டு அடி நீளத்தில் அனந்தன்மேல் படுத்திருக்கும் பெருமாளை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. முதல் வாசலில் முகமும், தொங்கவிட்ட வலக்கையும், அதன் கீழே சிவலிங்கமும். நடுவில் நாபிக் கமலத்தில் பிரம்மா. கடைசி வாசலில் பாதம். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்கள் 12,008 சேர்த்து, கடுசர்க்கரை என்னும் சாந்து பூசி ஆக்கிய திருமேனி என்று படித்திருக்கிறேன். அந்த இருட்டில் படித்தது எதுவும் நினைவில் இல்லை. கரிய மேனியில் விளக்கொளி பட்டு வழுக்கிக்கொண்டு போனதுதான் நினைவிருக்கிறது. அவள் மூன்றாவது வாசலில் கூடுதலாக நின்றாள். வெளியே வந்ததும், "பாதத்துக்கிட்டதான் கேட்டேன்" என்றாள். என்ன கேட்டாய் என்று நான் கேட்கவில்லை.

படியிறங்கிக் குளக்கரைக்கு வந்தால் எதிர்க்கட்டடத்தின் உச்சியில் மேத்தன் மணி. நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கடிகாரம். மேலே தாடிவைத்த மனிதமுகம் ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடா. மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்கும், கடாக்கள் கன்னத்தில் வந்து முட்டும். நாங்கள் போனபோது பத்து மணி தாண்டிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. "அடுத்த மணி வரைக்கும் இருப்போம்" என்றாள். குளத்தின் சுவரோரம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் வேலை எதுவும் இல்லாமல் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவள் தன் வீட்டுக்கதை சொன்னாள். காய்ச்சலில் படுத்த ஒவ்வொரு முறையும் அப்பா கடலைமிட்டாய் வாங்கிவந்து தலைமாட்டில் வைப்பாராம். கல்யாணத்துக்கு முன்பே நோய் தெரியும், சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று என் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. "எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. நீங்க நம்புறீங்கல்லா?" என்று கேட்டாள். நம்புகிறேன் என்றேன். பதினொன்று அடித்தது. கடாக்கள் முட்டின. பதினொரு முட்டலையும் அவள் வாய்விட்டு எண்ணினாள்.

சாலைத் தெருவில் கொஞ்ச தூரம்தான் நடந்தோம். வாழைக்குலை, வெற்றிலை, பாத்திரம், கயிறு, தள்ளுவண்டி, தமிழும் மலையாளமும் கலந்த கூச்சல். ஆ. மாதவனின் கடை இங்கேதான் இருக்கிறது, தேடிப் போய் ஒரு வணக்கம் வைக்கலாம் என்று ஊரிலேயே நினைத்து வைத்திருந்தேன். வெயில் ஏறிவிட்டது. அவளை அலையவிட மனம் வரவில்லை. கரை போட்ட ஒரு செட்டு முண்டு வாங்கிக்கொண்டு தம்பானூருக்கே ஆட்டோ பிடித்தோம்.

பஸ் நிலையத்துக்கு அடுத்தாற்போல் செங்கல் நிறத்தில் ஒரு கட்டடத்தைக் காலையிலேயே பார்த்திருந்தோம். உருளையாக, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகளோடு, மேலே போகப் போகச் சுற்றிக்கொண்டே ஏறியது. இந்தியன் காபி ஹவுஸ். வாசலில் நுழைந்தால் தரை சமமாக இல்லை. சங்கின் உட்புறம்போல வளைந்து வளைந்து சரிவாக மேலே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி நெடுகக் கட்டிவைத்த மேசையும் பெஞ்சும். நடுவில் தூண்போல வட்டச் சுவர். சுவர் ஓட்டைகள் வழியே வெளிச்சமும் காற்றும் துண்டு துண்டாக வந்து மேசையில் விழுகின்றன. கீழே எல்லா மேசையிலும் ஆள் இருந்தது. வெள்ளைச் சீருடையும் விசிறித் தலைப்பாகையுமாக ஒரு சர்வர் மேலே போகச்சொல்லிக் கை காட்டினார்.

"படி எங்க இருக்கு?" என்று அவள் கேட்டாள். நானும் தேடினேன். படி இல்லை. நடந்தால் போதும், நடப்பதுதான் ஏறுவது.

காலையிலிருந்து அவள் ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ் படி, லாட்ஜ் வாசல் படி, கோயில் படி என்று எல்லாவற்றுக்கும் கணக்குச் சொன்னாள். எண்ணிக்கொண்டு ஏறினால் எப்போது நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியுமாம். இங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கையால் வட்டச் சுவரைத் தொட்டபடி மெதுவாக நடந்தாள். களைத்தால் உட்கார எங்கேயும் ஒரு பெஞ்ச் இருந்தது, எந்தச் சாய்வில் நின்றாலும் பக்கத்தில் ஒரு மேசை. இரண்டு சுற்றுச் சுற்றி, ஆள் இல்லாத ஒரு மேசையில் போய் உட்கார்ந்து ஓட்டை வழியாகக் கீழே பார்த்தாள். பஸ்களின் கூரை தெரிந்தது. "நான் மாடியில இருக்கேன்" என்றாள். மாடிப்படி என்றாலே முகம் சுண்டிப்போகிறவள்.

பீட்ரூட் வைத்து உள்ளே சிவந்திருந்த கட்லெட்டும், அதே பீட்ரூட் மசாலா வைத்த தோசையும், காபியும் சாப்பிட்டோம். நம் ஊர் மசால்தோசைக்குப் பழகிய நாக்குக்கு அந்தத் தித்திப்புப் புதிது. அவளுக்குப் பிடித்தது, எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் இருந்தோம். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

இந்தக் காபி ஹவுஸுக்கே ஒரு கதை உண்டு. 1957ல் காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடித் தொழிலாளிகளை வெளியே அனுப்பியபோது, ஏ.கே. கோபாலன் அவர்களைத் திரட்டிக் கூட்டுறவுச் சங்கமாக்கினார். கேரளத்தில் முதல் கடை 1958ல் திருச்சூரில் திறந்தது. சர்வராக நிற்பவரும் முதலாளிகளில் ஒருவர். கட்டியவர் யார் என்பது மட்டும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. 2007 ஏப்ரல் 1 அன்று லாரி பேக்கர் காலமானார். மறுநாள் பேப்பரில் அந்தச் சங்குக் கட்டடத்தின் படத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் ஓடி வந்து காட்டினாள். 1917ல் பர்மிங்காமில் பிறந்த வெள்ளைக்காரர். பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தவர். மலையாளி டாக்டர் எலிசபெத்தை 1948ல் மணந்து, தேனிலவுக்கு இமயமலை அடிவாரத்துப் பித்தோரகர் போனார்கள். டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று தெரிந்து மலைஜனங்கள் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வர, தேனிலவுக்குப் போனவர்கள் பதினாறு வருஷம் அங்கேயே இருந்துவிட்டார்கள். பிறகு கேரளத்துக்கு வந்து, கடைசிவரை வாழ்ந்தது திருவனந்தபுரத்தில். குறைந்த செலவில், உள்ளூர்ச் செங்கல்லில், ஏழைக்கும் காற்றும் வெளிச்சமும் கிடைக்கக் கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. தம்பானூர்க் கட்டடத்தைச் சுற்றுச் சரிவாக ஏன் அமைத்தார் என்பதற்குக் கட்டடக்கலைஞர்கள் இட நெருக்கடியைக் காரணம் சொல்வார்கள். அது சரியாகவே இருக்கும். என்னைக் கேட்டால், பக்கத்தில் ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர் மூச்சு வாங்குகிறவர்களை மறந்து ஒரு கட்டடம் போட்டிருக்க மாட்டார்.

பிற்பகலில் மியூசியம் வளாகம். ராபர்ட் சிஷோம் வரைந்து 1880ல் கட்டி முடித்தது. சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸும் அவர் கைவண்ணம்தான். நாங்கள் உள்ளே போகவில்லை, மரத்தடியில் உட்கார்ந்து அதன் கூரைகளைப் பார்த்தோம். பக்கத்தில் ரவிவர்மா படங்கள் அப்போது இருந்த ஸ்ரீ சித்திரா கலைக்கூடத்துக்கு மட்டும் போனோம். பலகையில் பெயரைப் படித்துவிட்டு, "இதுவும் ஆஸ்பத்திரி பேருதானே?" என்றாள். ஆமாம், கோயில் வாசலைத் திறந்த அதே ராஜா பெயர்தான். கலைக்கூடம் 1935ல் திறந்தது. மருத்துவமனைக் கட்டடத்தை அரச குடும்பம் 1973ல் மக்களுக்குக் கொடுத்தது. இதைச் சொன்ன பிறகு அவள் முகத்தில் ஆஸ்பத்திரி பயம் கொஞ்சம் குறைந்ததுபோல எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் சங்குமுகம். கானாயி குஞ்ஞிராமன் செய்த சாகரகன்னி கடலைப் பார்த்து மல்லாந்து படுத்திருந்தாள். காலையில் படுத்த கோலத்தில் ஒரு பெருமாள், மாலையில் படுத்த கோலத்தில் ஒரு பெண். "இவளுக்கு மூச்சு முட்டாது போலிருக்கு" என்றாள். வருஷத்துக்கு இரண்டு முறை பத்மநாப சுவாமி விமான நிலையத்து ஓடுபாதை வழியாக ஊர்வலமாக வந்து இந்தக் கடலில்தான் ஆறாடுகிறார், அதற்காக விமானங்களை நிறுத்திவைக்கிறார்கள் என்று ஒரு கடலைக்காரர் சொல்லிக்கொடுத்தார். சூரியன் கடலில் இறங்கும்வரை இருந்தோம். எங்கள் பக்கத்துக் கடலில் சூரியன் உதிக்கும், இறங்காது. இறங்குவதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வால்வை மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். அந்த மருத்துவமனையிலேயே உருவாக்கிய வால்வு இருக்கிறது என்று ஒரு இளம் டாக்டர் எனக்குத் தமிழில் விளக்கினார். மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது வெற்றிபெற்று, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு. உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். வெளிநாட்டு வால்வின் விலையை எங்களால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. அந்த வருஷம் ஆடி மாதம் அவளுக்கு அதைப் பொருத்தினார்கள். நெஞ்சில் காதை வைத்தால்தான் அதன் சத்தம் கேட்கும். வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நான் தூங்குகிறேன். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. வருஷத்துக்கு ஒரு முறை திருவனந்தபுரம்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து இன்றைக்கும் எத்தனையோ பேர் கையில் ஒரு ஃபைலோடு ராத்திரி பஸ் ஏறி, காலையில் தம்பானூரில் இறங்கி, நேராக ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்கிறார்கள். அந்த ஊரில் அவர்கள் பார்ப்பது வரிசையை மட்டும்தான். உங்கள் வீட்டில் அப்படி யாராவது கிளம்பினால், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, ஒரு நாள் முன்னதாக அனுப்பி வையுங்கள். கூடவே யாராவது போகட்டும், அவசரப்படுத்தாதவராகப் பார்த்து அனுப்புங்கள். பஸ் நிலையத்துக்கு அடுத்தாற்போலேயே அந்தச் செங்கல் கட்டடம் இருக்கிறது. மேலே இடம் இருக்கும், படி கிடையாது.